சத்தம் போடாத வண்டி

வியாழக்கிழமை காலை, மகள் அம்ருதா பள்ளிக்கூட வேனில் ஏறிப் போன பிறகு, சுதீர் தையல் டப்பாவிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கேட்டிலிருந்து உள்ளே வாசற்படி வரைக்கும் அளந்தான். மறுபடியும் அளந்தான். டேப் இந்த முறையாவது இரக்கப்பட்டு நீளும் என்று நினைத்தவன்போல மூன்றாவது தடவையும் அளந்தான்.

மனைவி நிருபமா காப்பியோடு வந்து நின்று பார்த்தாள். "புது வண்டியச் சின்னதாக்கப் போறியா, இல்ல வீட்டப் பின்னாடி தள்ளப் போறியா?"

"அரை அடிதான் வெளில நிக்கும். தெருவுல எல்லாருக்கும் அப்படித்தானே நிக்கறது."

பெங்களூரு விவேக் நகரில் அந்த வீட்டைக் கட்டியவர் சுதீரின் அப்பா கஸ்தூரிரங்கன். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்துக் கார்கள் சிறியவை, கேட்டும் அதற்கு ஏற்றதுதான். அவர் போன பிறகு சுதீர் அப்பாவின் காரை விற்றுக் கொஞ்சம் பெரியதாக ஒன்று வாங்கினான். அது ஏறி இறங்க வசதியாக நடைபாதையின் மேல் சிமெண்டில் ஒரு சறுக்கு போட்டான். வேறு யாரும் வந்து வண்டியை நிறுத்திவிடக் கூடாது என்று சறுக்கின் ஒரு பக்கத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்தான். பச்சைப் பசேலென்று இருக்கிறது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

இப்போது அவன் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் வாங்கலாமா, கூடாதா? சாதாரண பெட்ரோல் வண்டியைவிட விலை கூட. ஆனால் ஈஜிபுரா சிக்னலில் தினமும் நத்தைபோல ஊர்கிறவனுக்கு அதில் லாபம் என்றார்கள். நிற்கும்போது இன்ஜின் தானே அணைந்துவிடும், மெதுவாக ஊரும்போது பேட்டரியில் ஓடும், புகை குறைவு. அம்ருதாவுக்கு இளைப்பு உண்டு. பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். சிக்னலில் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்ளும் நிருபமாவின் மடியில் அவள் முகம் புதைக்கும்போதெல்லாம் சுதீருக்கு ஏதோ தான்தான் அந்தப் புகையை ஊதிவிட்டதுபோல இருக்கும். ஊரில் எவ்வளவோ வண்டிகள். தன் ஒரு வண்டியாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தான். நல்ல எண்ணம்தான். அதில் சந்தேகமில்லை.

பதினொரு மணி வாக்கில், நிருபமா கடைக்குப் போயிருந்த நேரத்தில், உமேஷ் வந்தான். ஷோரூமில் வேலை பார்க்கும் கன்னடப் பையன், கஸ்டமரின் பாஷையில் பேசினால் பாதி வியாபாரம் முடிந்தது என்று நம்புகிறவன். ஓட்டிப் பார்ப்பதற்கான வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு இறங்கினான்.

"ஸ்டார்ட்ல இருக்கு சார். தெரியுதா? தெரியாது. அதுதான் இதோட ஸ்பெஷல். பேபி தூங்கினா எந்திரிக்காது."

சுதீர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடுவதுபோல ஒன்று இருந்தது. ஓர் ஆட்டோ கடந்து போனதும் அதுவும் இல்லாமல் போயிற்று.

அடையாறு ஆனந்தபவன் ஓட்டல் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வழியெல்லாம் சுதீர் குழந்தைபோல சிரித்துக்கொண்டிருந்தான். நெரிசலில் நின்றபோது வண்டிக்குள் விழுந்த அமைதி அவனை எங்கோ கொண்டுபோயிற்று. பனி பெய்கிற ஏதோ ஒரு தூர நகரத்தில், ஆளில்லாத தெருவில் தான் மட்டும் போவதுபோல இருந்தது. கண்ணாடிக்கு வெளியே வாய்கள் அசைந்தன, ஹாரன்கள் எங்கோ அடங்கி ஒலித்தன. இந்த ஊரிலிருந்து இந்த ஊருக்குள்ளேயே தப்பிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும், உள்ளே நுழைகிறதா என்று பார்த்துவிடலாம் என்றான். தன் பழைய காரை வெளியே எடுத்து, சுவரை ஒட்டி நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தினான். பிறகு புது வண்டியில் உட்கார்ந்து பின்பக்கமாக எடுத்தான். உமேஷ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமைதோறும் குழந்தை ஏசு கோயிலில் நவநாள் ஜெபம் நடக்கும். காலையிலிருந்தே அந்தத் தெரு வழியாகப் போகிறவர்களும் வருகிறவர்களும் இருப்பார்கள். ஜூலியா எந்த வியாழனையும் விட்டதில்லை. நான்கு வீடு தள்ளிப் பின்பக்கப் போர்ஷனில் மகள் நிக்கோலோடு குடியிருப்பவள். ஒரு ஆஸ்பத்திரியில் வெகுகாலம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். ஒருமுறை குரலைக் கேட்டால் போதும், அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கண் அழுத்த நோய் வந்து பார்வை மெல்ல மெல்லப் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். நிக்கோல் வாங்கித் தந்த மடக்குக் கோல் பையில் கிடக்கும். ஜூலியாவுக்குச் சுவர்தான் கோல். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, காதைத் தெருவில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்துவிடுவாள். "கண்ணு போனா என்னா, தெருவே என் காதுக்குள்ள இருக்கு" என்பாள்.

அன்றும் அப்படித்தான் வந்தாள். கை சுவரிலிருந்து விலகிச் சூடான தகரத்தில் பட்டது. சுதீர் கார் வெளியே நிற்கிறது என்று தெரிந்துகொண்டாள். தெருவில் இறங்கி அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நின்றாள். காது கொடுத்தாள். ஆட்டோ ஒன்று போய் மறைந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் இறங்கி நடந்தாள்.

வண்டிக்குள் பீப் பீப் என்று சென்சார் கத்தியது. "தொட்டிக்குத்தான் சார் கத்துது. வாங்க வாங்க" என்றான் உமேஷ். சுதீரும் அப்படியே நினைத்தான். அவன் பழைய காரிலும் தினமும் அந்தத் தொட்டிகளைப் பார்த்துத்தான் சென்சார் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க அவன் எப்போதோ பழகிவிட்டான்.

பெரிய அடி இல்லை. லேசாகத் தள்ளியதுபோலத்தான். ஜூலியா கையை ஊன்றி விழுந்தாள். பையிலிருந்த மெழுகுவர்த்தி உருண்டு சறுக்கில் இறங்கிப் போயிற்று.

சுதீர் பதறிக்கொண்டு ஓடிவந்து தூக்கினான். அவளுடைய கை கோணலாகத் தொங்கிற்று. ஆனால் ஜூலியா வலியைச் சொல்லவில்லை. முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பி எதையோ தேடினாள்.

"வண்டி வந்துச்சா?"

"ஆன்ட்டி, மெதுவா, மெதுவா எந்திரிங்கோ."

"எனக்குக் கேக்கவே இல்லையே, சுதீர். நின்னு கேட்டேன் பா. கேக்கவே இல்லையே."

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் உமேஷ் அவன் தோளைத் தொட்டு ஓரமாக இழுத்தான். டெஸ்ட் வண்டியில் ஆக்சிடென்ட் என்றால் தன் வேலை போய்விடும் என்று கெஞ்சினான். ஆன்ட்டிக்குக் கண் தெரியாது, தானே வந்து மோதிக்கொண்டாள், நம்மேல் என்ன தப்பு என்றான். சுதீர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பழைய காரில் ஜூலியாவை நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிப் போனான். மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். பணத்தை அவனே கட்டினான். மருந்தும் அவனே வாங்கினான். வேலையிலிருந்து ஓடிவந்த நிக்கோல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க இல்லன்னா அம்மா ரோட்லயே கெடந்திருப்பாங்க. தேங்க்ஸ் அண்ணா."

அந்த நன்றியை அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.

நிருபமாவிடம் ஆன்ட்டி வாசலில் விழுந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னான். அவள் ரசமும் பருப்புச் சாதமும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். போன ஒவ்வொரு முறையும் ஒரு செய்தியோடு திரும்பி வந்தாள். ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போனதுகூடத் தன் காதில் விழவில்லை என்று ஜூலியா வெளியே வருவதே இல்லை. ரேடியோவைக்கூடப் போடுவதில்லை. எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறாள். நிக்கோல் லீவு போட்டுக் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். வயதுக்கு ஏற்றபடி சற்றே குறைந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாராம். தாயும் மகளும் அந்தக் "குறைந்திருக்கிறது" என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

"கண்ணும் இல்ல, காதும் இல்லேன்னா நான் எதுல இருப்பேன்னு கேக்கறா, சுதீர். எனக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றாள் நிருபமா. "கோலார் தங்கவயல்ல ஜூலியாவோட தங்கை வீட்டுல கொண்டு விடப் போறாளாம் நிக்கோல். இங்க தனியா விட்டுட்டு வேலைக்குப் போகப் பயமா இருக்காம். அவளுக்கு அந்த ஊர்ல ஒரு சுவரு தெரியாது."

சுதீர் மடிக்கணினியில் ஹைப்ரிட் வண்டிகளைப் பற்றி யாரோ பேசுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிட்டருக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்தில் கூடுதல் விலை திரும்பிவரும், பேட்டரி எத்தனை காலம் தாங்கும். எல்லாக் கணக்கும் வாங்கு வாங்கு என்றுதான் சொன்னது. வீடியோவில் பேசினவர் கடைசியில், இது மனசாட்சி உள்ளவர்களின் வண்டி என்று முடித்தார். சுதீர் திரையைச் சட்டென்று மூடினான். நிருபமா திரும்பிப் பார்த்தாள். தலைவலி என்றான்.

அடுத்த வாரத்தில் ஒரு மாலை, அம்ருதா வாசலில் உட்கார்ந்து குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஈஜிபுராவில் வீட்டு வேலை முடித்துத் திரும்புகிற பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். தொட்டிகளுக்குப் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்தாமலேயே தெருவில் இறங்கினார்கள், தாண்டியதும் மேலே ஏறிக்கொண்டார்கள். பின்னால் ஒரு ஸ்கூட்டர் அவர்களை உரசிக்கொண்டு போயிற்று. யாரும் திட்டவில்லை. யாரும் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடி ஜன்னலில் நின்ற சுதீர் அதைப் பார்த்தான். அவர்கள் தினமும் அப்படித்தான் இறங்கி ஏறியிருக்க வேண்டும். அவன் இத்தனை வருஷமாக அந்த ஜன்னலில் செடியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

சனிக்கிழமை முடிவு சொல்வதாக இருந்தது. உமேஷ் அதே வண்டியோடு, ஒரு இனிப்புப் பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தான். நிருபமா ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள். போய்த் திரும்பி வந்தவள், பின்பக்கமாக உள்ளே விட ஆரம்பித்தாள். வழி காட்டுகிறேன் என்று சுதீர் பின்னால் போய் நின்றான். ஜூலியா விழுந்த அதே இடம். கண்ணை மூடிக்கொண்டான்.

காக்கை கத்திற்று. எங்கோ குக்கர் விசில். எதிர் வீட்டு மாடியில் கோவிந்தப்பா தொண்டையைச் செருமினார். தெரு முழுவதும் காதுக்குள் வந்து நிறைந்தது. வண்டி மட்டும் அதில் இல்லை. தன் இதயம் அடித்துக்கொள்வதுகூடக் கேட்டது. பிறகு முழங்காலில் ஏதோ தொட்டது.

கண்ணைத் திறந்தான். நம்பர் பிளேட் அவன் காலோடு ஒட்டி நின்றது.

நிருபமா இறங்கி ஓடிவந்தாள். "பைத்தியமா உனக்கு? பீப் பீப்னு கத்தறது, தொட்டிக்குன்னு நெனச்சேன். ஏன் கண்ண மூடிண்டு நிக்கறே?"

அவன் அங்கேயே, சறுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். உமேஷ் தலையைக் குனிந்துகொண்டு இனிப்புப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

நிருபமா அவனைத் திட்டவில்லை. அவளும் இப்போது அதே பீப் சத்தத்தைக் கேளாமல்தான் வண்டியை விட்டிருந்தாள். அது அவளுக்குத் தெரிந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். "அவ காது போச்சுன்னு அழறா. போய் அவகிட்டச் சொல்லு."

ஜூலியாவின் வீட்டில் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள் நிக்கோல். சுதீர் வருவதைப் பார்த்ததும் வாங்கண்ணா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். நடைபாதையில் காரை ஏற்றி நிறுத்தியது, பின்னால் பார்க்காமல் எடுத்தது, சென்சார் கத்தியும் நிறுத்தாதது, பிறகு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

நிக்கோலின் கையிலிருந்த சேலை நழுவிற்று. "உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னேனே நான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூலியா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"அப்போ என் காது?"

"நல்லா இருக்கு ஆன்ட்டி. அந்த வண்டி சத்தமே போடாது. போட்டிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்கும்."

"நெஜமா சொல்றியா?"

"நான் கண்ண மூடிண்டு நின்னு பாத்தேன். எனக்கும் கேக்கல."

அவள் நல்ல கையால் இரண்டு காதையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகளிடம், ரேடியோவைப் போடு என்றாள். நிக்கோல் போட்டாள். ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலியா அதை முழுவதும், பாட்டுக் கேட்பதுபோல தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"கை ஒடிஞ்சது சேந்துடும் பா. ஆனா என்னையே நான் நம்பாதபடி பண்ணிட்ட பாரு, அது பெரிய பாவம்."

அவன் மன்னிப்புக் கேட்டான்.

"மன்னிச்சேன்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேன். வர்ற வியாழக்கிழமை நவநாளுக்குப் போவேன், உன் வீட்டு வழியாத்தான். வழி இருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன். நிக்கோல், பொட்டிய எடுத்து மேல வையி."

திங்கட்கிழமை சுதீர் லீவு போட்டான். ஆள் வைத்துச் சறுக்கை உடைக்கச் சொன்னான். தொட்டிகளை அவனே ஒவ்வொன்றாகத் தூக்கிக் காம்பவுண்டுக்குள் வைத்தான். சுத்தியல் சத்தம் கேட்டு எதிர் வீட்டுக் கோவிந்தப்பா லுங்கியோடு இறங்கி வந்தார். இந்தத் தெருவில் முதன்முதலாகச் சறுக்கு போட்டவர் அவர்தான்.

"ஏன் சுதீர், நல்லா இருக்கறத ஏன் ஒடைக்கற? நாளைக்கு எல்லாரும் என் வீட்டையும் காட்டுவாங்க. எங்களுக்கு எதுக்கப்பா இந்தத் தொந்தரவு? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போறாங்க, போகட்டுமே."

"இவ்வளவு நாளா அவாதான் அட்ஜஸ்ட் பண்ணிண்டா, அங்கிள். இனிமே நாம பண்ணிக்கலாம்."

கோவிந்தப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். கார் ஏறுவதற்கான சரிவைக் கேட்டுக்கு உள்ளே போட்டார்கள். அதற்காகக் கொஞ்சம் தோட்டம் போயிற்று. நிருபமா வருத்தப்படவில்லை. நடைபாதையில் புதிய கல் பதித்தார்கள். பழைய கார் கேட்டுக்குள் இறுக்கமாக, ஆனால் முழுவதுமாக நின்றது.

உமேஷ் போனில் கூப்பிட்டான். தயங்கித் தயங்கி, அன்றைக்குத் தான் பேசியது தப்பு என்றான். பிறகு, வழக்கம் விடாமல், சாருடைய முடிவு என்ன என்றும் கேட்டான். சுதீர் அவனிடம் அந்த வண்டி நல்ல வண்டிதான் என்று சொன்னான். மைலேஜ் கணக்கு, புகைக் கணக்கு எல்லாம் சரி. ஆனால் அது தன் கேட்டுக்குள் நிற்காது, அதனால் வாங்கவில்லை. உள்ளே முழுவதுமாக நிற்கிற அளவில் ஹைப்ரிட் வந்தால் கூப்பிடச் சொன்னான்.

வியாழக்கிழமை வந்தது. சுதீர் கேட்டுக்கு உள்ளே நின்றான். நிருபமாவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஜூலியா தெருமுனையில் தெரிந்தாள். நிக்கோல் பின்னால் தள்ளி வந்துகொண்டிருந்தாள், அம்மா திரும்பிப் போகச் சொல்லியும் கேட்காமல். ஜூலியாவின் நல்ல கை சுவரில் ஊர்ந்து வந்தது. கோவிந்தப்பா வீட்டு எதிரில் இருக்கும் மின்கம்பத்தைக் கடந்தது. சுதீர் வீட்டுச் சுவருக்கு வந்ததும் அவள் வேகம் குறைந்தது. தகரம் இருந்த இடத்தில் கையை முன்னால் நீட்டித் துழாவினாள். ஒன்றும் இல்லை. தொட்டிகள் இருந்த இடத்தில் காலைத் தூக்கி, பள்ளம் இருக்குமோ என்று மெல்ல வைத்தாள். கால் சமமான கல்லில் பதிந்தது. மறு காலையும் வைத்தாள். கேட்டைக் கடந்து, மறுபடி சுவரைத் தொட்டதும் நின்றாள்.

"சுதீர், நிக்கறியா அங்க?"

"நிக்கறேன் ஆன்ட்டி."

"மூச்சு கேட்டுச்சு. வழியும் இருக்கு பா." அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போயிற்று. "வண்டி வாங்கலியாமே? நிருபமா சொன்னா."

"இல்ல ஆன்ட்டி. அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் குழப்பமாத்தான் இருக்கு."

ஜூலியா சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இதுல என்னா பா குழப்பம்? புகை கம்மியா விடற வண்டி நல்லதுதான். உன் பொண்ணுக்கும் நல்லது, என் நெஞ்சுக்கும் நல்லது. ஆனா வண்டி நல்லதான்னு இஞ்சினப் பாத்து மட்டும் சொல்லாத. அது எங்க நிக்குதுன்னும் பாரு. நடக்கறவங்க வழியப் புடிச்சிக்கிட்டு நிக்கிற வண்டி, பெட்ரோல்ல ஓடினா என்னா, பேட்டரியில ஓடினா என்னா, அது அழுக்கு வண்டிதான்."

சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டு வீடு தள்ளி, யாரோ ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு வேனில் அவள் கை இடித்தது. நின்றாள், காது கொடுத்தாள், தெருவில் இறங்கினாள். சுதீர் கேட்டைத் திறந்துகொண்டு வேன்காரன் வீட்டு மணியை அடிக்க ஓடினான்.